சாவா மூவாப் பேராடு

பழைய சிவாலயங்களின் கல்வெட்டுக்களைப் படிக்கப் புகுவோர் பலர், ‘சாவா மூவாப் பேராடு’ என்னுந் தொடரைக் கண்டு திகைப்பர். சாதலும் மூத்தலும் இல்லாத ஆடு உலகில் உண்டோ? புராணக் கற்பனையென ஒதுக்குவாரும், அரசர்தம் ஆரவாரமென நகைப்பாரும் உளர். இரண்டும் பிழையே.

சாவா, மூவா என்பன ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள். அவை ஆட்டின் உடலைச் சுட்டியன அல்ல. மந்தையின் எண்ணைச் சுட்டியன. 1010-ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் கலசம் ஈந்த தஞ்சைப் பெருங்கோயிலில், ஒரு திருநொந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பெற்றன. பசுவாயின் 48, எருமையாயின் 16. அவற்றை ஏற்ற இடையர், இறைவன் திருப்பெயர் தாங்கிய ‘ஆடவல்லான்’ என்னும் அளவையால் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடு இறப்பினும் கிழமுறினும், ஈன்ற குட்டிகளைக் கொண்டு அவ்வெண்ணை நிரப்புதல் அவர் கடன். மந்தையில் நோய் புகுந்ததென்று சொல்லி நெய்யை நிறுத்த இடமில்லை. உறவினர் பிணை நின்றனர்.

நான்கு உழக்கு ஒரு நாழி. ஆகவே ஆண்டுக்கு 365 உழக்கு என்பது 91 நாழியும் ஓர் உழக்குமாம். ஆடொன்றுக்கு ஒரு நாழிக்கும் சற்றுக் குறைவே. எஞ்சியது இடையர் பிழைப்புக்கு. முதல் குன்றாது பயன் மட்டும் நெய்யாய் வரும் இந்த ஏற்பாட்டைக் கற்பனையென்போர், அறக்கொடையாளரின் உலகியலறிவை அறியாதவரே. கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்தபின்னும் விளக்கு எரிதற்கு ஒரு சொற்றொடரே காவலாயிற்று. திருப்பணிக்காலத்தில் சுண்ணம் பூசி மறைக்கப்படும் கற்களிற் கிடப்பவை இத்தகைய உடன்படிக்கைகளே.

அவ்விடையரைக் கல்வெட்டுக்கள் ‘மன்றாடி’ என்றும் வழங்கும். அன்பர்க்கு அச்சொல் அம்பலக்கூத்தனை நினைவூட்டும். இக்கால வழக்கில் மன்றாடுதல் இரந்து வேண்டுதலாயிற்று. மன்று என்பதற்கு ஆனிரை நிற்குந் தொழுவென்னும் பொருளும் உண்டென்பதை மறந்தவர், ஆயனை இரப்பவனாக்கி மயங்குவர்.

விளக்கின் பெயரும் ஒருபடித்தன்று. நந்தா விளக்கெனின் கெடாதது. நுந்தா விளக்கெனின் தூண்டவேண்டாதது. நொந்தா என்பதை ‘நோதல்’ என்பதனோடு சேர்த்து வருந்தாத விளக்கென்பார் கூற்றுப் பொருந்தாது. நொந்துதலுக்கும் அவிதலென்றே பொருள். மூன்று வடிவமும் கல்லிற் பயிலும். எவ்வாறெழுதினும், தஞ்சையில் அவ்விளக்குக்கு உரிய நெய் உழக்கே.