‘தல்ஹ்’: ஓர் அரபுச் சொல்லின் பொருள் வரலாறு

அரபு மொழியில் ‘தல்ஹ்’ என்பது பாலைநிலத்து முள்மரம் ஒன்றன் பெயர். தமிழில் வெளிவந்துள்ள திருக்குர்ஆன் மொழிபெயர்ப்புகள் பலவற்றிலோ இச்சொல் ‘வாழை’ என ஆளப்பட்டுள்ளது. வறண்ட மணலில் வேரூன்றி நிற்கும் வேல இனத்து மரம், நீர்வளம் வேண்டும் வாழையாக மாறியது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

1290இல் ‘லிசானுல் அரப்’ என்னும் பேரகராதியை நிறைவுசெய்த இப்னு மன்ழூர், முள்மரங்களுள் பெரியதாகத் தல்ஹைக் குறிப்பர். நிழலும் பிசினும் தருவது, ஒட்டகங்களுக்கு உணவாவது. தல்ஹ் என்பது தொகுதிப்பெயர். தனிமரத்தைக் குறிக்குங்கால் ‘தல்ஹா’ என்றாகும். நபித்தோழருள் ஒருவரும் 656இல் ஒட்டகப் போரில் இறந்தவருமாகிய தல்ஹா இப்னு உபைதுல்லாஹ்வின் பெயர் இதுவே. தமிழ் முசுலிம்களிடையே இன்றும் வழங்கும் இவ்வாண்பாற் பெயர் ஒரு முள்மரத்தின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே.

திருக்குர்ஆனின் 56ஆம் அத்தியாயம் சுவர்க்கத்தை வருணிக்குமிடத்தில் முள்ளற்ற ‘சித்ர்’ மரத்தையும், அதனையடுத்து, அடுக்கடுக்காய் அமைந்த தல்ஹையும் கூறுகிறது. சித்ர் இலந்தை இனத்தது, அதில் ஐயமில்லை. தல்ஹிலேயே சிக்கல் எழுகிறது. 923இல் மறைந்த விரிவுரையாளர் தபரீ, இது வாழையே எனத் தொடக்ககால அறிஞர் பலர் கொண்ட கருத்தைத் தொகுத்துள்ளார். அடுக்கடுக்காய் என்னும் அடை வாழைத்தாரின் சீப்புகளுக்கு நன்கு பொருந்துவது இக்கருத்துக்கு அரணாயிற்று. அலீ அவர்கள் இச்சொல்லைத் ‘தல்உ’, அதாவது பேரீச்சம்பாளை, எனக் கொண்டதாக ஒரு செய்தியும் அவ்வுரையில் உண்டு. இறுதி மெய் ஒன்றே வேறுபாடு. ஆயினும் ஓதும் பாடம் மாற்றப்படவில்லை.

இவற்றினும் கவனிக்கத்தக்கது முஜாஹித் வழியாக வரும் செய்தியாகும். தாயிஃப் நகரையடுத்த வஜ்ஜ் பள்ளத்தாக்கில் தல்ஹும் சித்ரும் தந்த நிழலை மக்கள் வியந்தனர் என்கிறது அது. வாழை என்னும் பொருளும் முஜாஹித் பெயராலேயே வழங்குவது விந்தையே. எனினும் கேட்டோர் கண்டறிந்த மரங்களே வருணனைக்கு அடிப்படை என்பதற்கு இச்செய்தி சான்றாகிறது. சித்ருக்கு முள் நீக்கப்பட்டமை கூறப்படுவதும், அடுத்த வசனம் நீண்ட நிழலைப் பேசுவதும், உடன் நிற்கும் மரமும் முள்மரமே எனக் கொள்ள இடந்தருகின்றன. மொழியியல் நோக்கில் இதுவே வலுவுடையது.

சொல் இன்றும் வழக்கொழியவில்லை. சூடான் நாட்டில் தல்ஹ் மரத்தின் பிசின் ‘தல்ஹா’ என விலைபோகிறது. ‘ஹஷாப்’ மரத்தின் பிசினை நோக்க இது தரத்திற் குறைந்ததாகக் கருதப்படும். அந்நாட்டு மகளிர் எடுக்கும் புகைக்குளியலுக்கும் இம்மரத்தின் கட்டையே விறகு. நஜ்துப் பகுதியில் இதே பெயர் வேறொரு வேல மரத்துக்கு உரியது.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களும் ஒருமித்து நிற்கவில்லை. பிக்தால் 1930இல் வாழையெனக் கொண்டார். ஆர்பெரி 1955இல் வேல மரமெனக் கொண்டார். இவ்விருவருக்கும் இடைப்பட்ட யூசுஃப் அலீ, சொல்லை அவ்வாறே நிறுத்திக் குறிப்பெழுதினார். தமிழில் வாழையென எழுதியோர் பழைய விரிவுரை மரபைப் பின்பற்றியவராதலின், அவர் பிழை செய்தார் எனல் பொருந்தாது. ஆயினும் தமிழ்நூலை மட்டும் கற்பவருக்கு இக்கருத்து வேறுபாடு இருந்ததே தெரியாமற் போகிறது. அடிக்குறிப்பு ஒன்று அக்குறையைத் தீர்க்கும்.