மோரா கத்தி வந்த வழி

சுவீடனின் நடுப்பகுதியில் டாலர்னா மாகாணம். அங்கே சில்யான் ஏரிக்கரையில் மோரா என்ற சிற்றூர். அதை ஒட்டிய ஓஸ்ட்னூர் கிராமத்தைப் பெரிய வரைபடத்தில்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காட்டில் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள், முதன்முதலாகக் கத்தி வாங்குகிறவர்கள், 'விலை குறைவாக நல்லதாக ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டால், எந்த நாட்டிலும் முதலில் வரும் பதில் இந்த ஊர்க் கத்திதான். மடங்காத அலகு, பிளாஸ்டிக் உறை, அமெரிக்காவில் ஏறக்குறைய இருபது டாலர்.

ஓஸ்ட்னூர்க்காரர்கள் கத்திக்கு வந்ததற்குக் காரணம் வறுமை. டாலர்னாவில் அப்பன் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு போட்டார்கள். தலைமுறைக்குத் தலைமுறை நிலம் நறுங்கி, உழுது பிழைக்க முடியாத கீற்றுகளாயிற்று. ஊருக்கு ஒரு கைத்தொழில் என்று ஆனது அதனால்தான். வோம்ஹூஸ் பெண்கள் மனித முடியில் நகை பின்னி, அதை வெளிநாடுகள் வரை நடந்தே கொண்டுபோய் விற்றார்கள். நூஸ்னேஸில் சிவப்புச் சாயம் பூசிய மரக்குதிரை செதுக்கினார்கள். ஓஸ்ட்னூருக்கு வாய்த்தது உலோகம். 18ஆம் நூற்றாண்டில் இங்கே ஆளுயரக் கடிகாரங்கள் செய்தார்கள். 1865இல் தொடங்கிய ஒரு பட்டறை பின்னால் தண்ணீர்க் குழாய்த் தொழிற்சாலையாக வளர்ந்தது. சுவீடன் வீடுகளில் குளியலறைக் குழாயும் மேசை இழுப்பறைக் கத்தியும் ஒரே கிராமத்திலிருந்து வந்தவையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

1891இல் ஃப்ரோஸ்ட்-எரிக் எர்சன் என்பவர் வட அமெரிக்காவில் நான்கு ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பினார். பனியில் மரத்தடிகளை இழுக்கும் வண்டிகள் செய்ய ஒரு பட்டறை போட்டார். கூடவே கத்திகளும் செய்தார். கடைசியில் நிலைத்தது கத்திதான். 1912இல் க்ரோங்-யோஹான் எரிக்சன் ஒரு கூட்டாளியோடு இன்னொரு கத்தித் தொழிற்சாலை தொடங்கினார். ஃப்ரோஸ்ட், க்ரோங் இரண்டும் பண்ணைப் பெயர்கள். நம்மில் சிலர் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்வதுபோல டாலர்னாக்காரர்கள் பண்ணையின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பக்கத்தில் பக்கத்தில் போட்டி போட்ட இந்த இரண்டு தொழிற்சாலைகளும் 2005இல் ஒன்றாயின. இன்று அதன் பெயர் மோராக்னிவ்.

ஆரம்பத்தில் இதை வாங்கியவர்கள் உல்லாசத்துக்காகக் காட்டுக்குப் போனவர்கள் இல்லை. மரம் வெட்டுகிறவர், தச்சர், மீன் அரிகிறவர். பீப்பாய் மாதிரி நடுவில் சற்றே உப்பிய பிர்ச் மரக் கைப்பிடி, அதற்குச் சிவப்புச் சாயம், உள்ளங்கை அகலமோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ நீளும் அலகு. கையை நழுவவிடாத தடுப்புகூடப் பழைய வகைகளில் கிடையாது. தெரிந்த கைக்கு அது தேவைப்படவில்லை.

கத்தியின் வாயைக் கவனிக்க வேண்டும். நம் சமையலறைக் கத்தியில் பக்கச் சரிவு ஒன்று, வாயோரத்தில் அதைவிட மழுங்கிய சின்னச் சரிவு இன்னொன்று. மோராவில் ஒரே சரிவு, அகலமாக, நேராக வாய் வரை இறங்கும். இதனால் கிடைக்கும் நன்மை சாணை பிடிக்கும்போது தெரியும். அந்த அகலச் சரிவைக் கல்லில் தட்டையாகப் படிய வைத்தாலே போதும், கோணம் தானாக அமைந்துவிடும். மரம் சீவும்போதும் அந்தச் சரிவு மரத்தின் மேல் படிந்து நகர்வதால், எவ்வளவு ஆழம் சீவுகிறோம் என்பது கைக்குள் நிற்கும். குறையும் உண்டு. கேரட்டை நறுக்கினால் துண்டு விழும் முன்பே அது பிளந்துவிடும்.

எஃகில் மூன்று பாதை இருக்கிறது. முதலாவது, நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கார்பன் உள்ள சாதா எஃகு. எளிதில் கூராகும், எளிதில் துருப்பிடிக்கும். இரண்டாவது, கெட்டியான எஃகை நடுவில் வைத்து இருபுறமும் மிருதுவான எஃகை ஒட்டிய அலகு. வாய் உறுதியாக இருக்கும், அலகு எளிதில் முறியாது. மூன்றாவது துருப்பிடிக்காத எஃகு. இதில் பல காலம் பயன்பட்டது சான்ட்விக் நிறுவனத்தின் 12சி27 என்ற எஃகு: கார்பன் 0.6, குரோமியம் 13.5 விழுக்காடு. சான்ட்விக்கை நிறுவிய யோரான்சன்தான் 1858இல் எஃகு தயாரிக்கும் பெஸ்ஸமர் முறையை முதன்முதலில் தொழில் அளவில் ஓட வைத்தவர். இருபது டாலர் கத்திக்குள்ளும் இரும்பு உருக்கும் பழைய வரலாறு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

காட்டிலிருந்து கத்தி பள்ளிக்கூடத்துக்கும் போனது. 1870களில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சலோமோன், பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுத்தரும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அந்தப் பாடத்துக்கு ஸ்லோய்ட் என்று பெயர். உளியோ ரம்பமோ தருவதற்கு முன், கிராமத்துப் பிள்ளை வீட்டிலேயே பழகிய கத்தியைத்தான் அவர் முதல் கருவியாகக் கொடுத்தார். ஸ்லோய்ட் இன்றும் சுவீடனில் கட்டாயப் பாடம். மரம் செதுக்க என்றே மெல்லிய அலகுள்ள மோராக்கள் தனியாக வருகின்றன. என் கணக்கில், இந்தக் கத்தியின் புகழுக்குப் பட்டாளத்தையும் சாகசத்தையும்விடப் பள்ளி மேசைக்குத்தான் பங்கு அதிகம்.

பழைய உறைகள் போய்ப் பிளாஸ்டிக் வந்தது கட்டட வேலைக்கு வசதியாயிற்று. சுவீடனில் தொழிலாளர் கால்சட்டையில் தொடைப் பக்கம் ஒரு பொத்தான் இருக்கும். உறையில் உள்ள துளையை அதில் மாட்டிக்கொள்வார்கள். பின்னாளில் பொது இடங்களில் கத்தி வைத்திருப்பதற்குச் சட்டம் தடை போட்டபோதும், வேலைக்குக் கத்தி தேவைப்படுகிறவர்களுக்கு விலக்கு இருந்தது.

முகாம் போடுகிறவர்களிடம் இந்தக் கத்தி வந்து சேர்ந்ததில் கனடாவின் மோர்ஸ் கொச்சான்ஸ்கிக்குப் பெரிய பங்குண்டு. ஆல்பர்ட்டாவில் காட்டு வாழ்க்கை கற்றுத்தந்தவர், 2019இல் மறைந்தார். 1980களில் வெளிவந்த அவருடைய புத்தகத்தைப் படித்துக் காடேறியவர்கள் ஏராளம். பெரிய பெரிய வேட்டைக் கத்திகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், உள்ளங்கை அகல அலகு போதும், பெரிய வேலைக்குக் கோடரி இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைக் கேட்டவர்கள் கோடரியை வீட்டில் வைத்துவிட்டுக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்! அலகின் முதுகில் கட்டையால் ஓங்கி அடித்து விறகு பிளப்பது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. மலிவு மோராக்களில் அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை போவதில்லை. அளவோடு அடித்தால் தாங்கும், முடிச்சு விழுந்த மரத்தில் அடித்தால் ஒருநாள் உடையும். இந்தக் குறையைத் தீர்க்க 2016இல் கார்பெர்க் என்ற வகை வந்தது: கைப்பிடி முழுக்க ஓடும் எஃகு, 3.2 மி.மீ. தடிமன், விலையோ பல மடங்கு. நல்ல கத்திதான். ஆனால் அந்தக் காசில் ஒரு சாதா மோராவும் ஒரு சின்னக் கோடரியும் வாங்கிவிடலாம் என்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இது மலிவாக இருப்பது எஃகில் கை வைத்ததால் இல்லை. அலகுக்கு மெருகு இல்லை, கைப்பிடிக்கு ஆணி இல்லை, தோல் இல்லை, பெட்டி இல்லை. எஃகுப் பட்டையிலிருந்து அலகைத் தட்டி எடுத்து, கடினமாக்கி, தீட்டி, கைப்பிடிப் பிளாஸ்டிக்கை இரும்பின் மேலேயே வார்த்துவிடுகிறார்கள். விட வேண்டியதை விட்டார்கள், வாயை விடவில்லை. பத்து மடங்கு விலை போகும் கத்திகள் பலவும் கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் உறையை விட்டு வெளியே வருவதே இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர் என்றால் துருப்பிடிக்காத எஃகையே எடுங்கள். கார்பன் எஃகுதான் வேண்டும் என்றால், எலுமிச்சம்பழம் அறுத்த கையோடு துடைத்துத் துளி எண்ணெய் தடவுங்கள். தீக்கோலில் உரசிப் பொறி எடுக்கப் போகிறீர்கள் என்றால், அலகின் முதுகு சதுரமாகத் தீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவு வகைகளில் அப்படி இருக்காது, அரம் வைத்துத் தேய்த்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்புங்கள்.