ஜிம்முக்குப் பணம் கட்டியும் ஏன் போக மாட்டேங்கிறோம்? நெய்யாற்றின்கரை ஆய்வு சொல்வது என்ன?

நாகர்கோவிலில் ரயில் ஏறி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு நெய்யாற்றின்கரை ஜன்னல் வழியாகக் கடந்துபோகும் இன்னொரு ஸ்டேஷன், அவ்வளவுதான். ஆனால் "உடம்பைப் பார்த்துக்கணும்னு நினைக்கிறேன், மோட்டிவேஷன்தான் வரமாட்டேங்குது" என்று புலம்புகிற யாருக்கும் அந்தத் தாலுகாவில் ஒரு பாடம் இருக்கிறது. 2013-ல் அங்கே தொடங்கிய கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 1,007 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தது. நடத்தியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்திருந்தார்கள்.

ஏன் கேரளா? ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4% பேருக்குச் சர்க்கரை நோய். கேரளாவில் 25.5%, அதாவது நாலில் ஒருவர். தமிழ்நாட்டில் 14.4%. படிப்பும் ஆஸ்பத்திரி வசதியும் அதிகமுள்ள மாநிலத்தில்தான் இந்த நிலை. விஷயம் தெரியாததால் வந்த பிரச்னை மாதிரி தெரியவில்லை, இல்லையா?

உங்க ஸ்கோர் எவ்வளவு?

ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட கருவி சென்னையில் உருவானது. டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. நூற்றுக்குக் கணக்கு, நாலே கேள்வி. வயது: 35-க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழேயும் பெண்களுக்கு 80-க்குக் கீழேயும் இருந்தால் 0. அதற்கு மேல் முதல் 10 செ.மீ.க்குள் 10 மதிப்பெண், அதையும் தாண்டினால் 20. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் கிடையாது என்றால் 30. ஒழுங்காக உடற்பயிற்சி செய்தால் அது 20 ஆகும். உடலுழைப்பும் சேர்ந்தால் 0. மொத்தம் 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம், ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று அர்த்தம். நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இப்போ ஒரு உதாரணம். 34 வயது ஆண், லேப்டாப் வேலை, இடுப்பு 94 செ.மீ., அப்பாவுக்குச் சர்க்கரை, நடைப்பயிற்சி இல்லை. ஸ்கோர் 50. அடுத்த பிறந்தநாளில் கேக் வெட்டும்போது அதே ஆளின் ஸ்கோர் 70. அவர் எந்தத் தப்பும் புதிதாகச் செய்யவில்லை, வயதுக்கு 20 கூடிவிட்டது, அவ்வளவுதான். நூறில் 50 மதிப்பெண் வயதும் பரம்பரையும். உங்க கையில் இருப்பது இடுப்பும் நடமாட்டமும் சேர்ந்த மீதி 50. ஒழுங்காக உடற்பயிற்சி செய்து, இடுப்பை 90-க்குக் கீழே கொண்டுவந்தால் 70 மறுபடி 50 ஆகும்.

நெய்யாற்றின்கரையில் என்ன செய்தார்கள்?

60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஸ்கோர் 60 அல்லது அதற்கு மேல் உள்ள, சர்க்கரை நோய் இன்னும் வராத, 30 முதல் 60 வயதுக்காரர்கள்தான் பங்கேற்றவர்கள். ஒரு பாதிக்கு ஆலோசனைக் கையேடு மட்டும். இன்னொரு பாதிக்கு ஒரு வருடத்தில் 15 குழுக் கூட்டங்கள். இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலான கூட்டங்களை நடத்தியது டாக்டர் இல்லை. குழுவில் இருந்தே தேர்வாகிப் பயிற்சி பெற்ற சக மனிதர்கள்தான் நடத்தினார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் எதிர்வீட்டு அண்ணனும் என்று வைத்துக்கொள்ளுங்க. கூட்டத்துக்கு வெளியேயும் வீட்டுத் தோட்டம், யோகா, சேர்ந்து நடப்பது என்று தொடர்ந்தது.

முடிவு 2018-ல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. இரண்டு வருடத்தில் கையேடு மட்டும் வாங்கியவர்களில் 17.1% பேருக்கும், குழுவில் இருந்தவர்களில் 14.9% பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. வித்தியாசம் இருக்கு. ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் எனும் அளவுக்குச் சிறியது. ஆய்வாளர்களே அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். "குழுவாகச் சேர்ந்தால் சர்க்கரை ஓடிப்போகும்" என்று யாராவது இந்த ஆய்வைக் காட்டி வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தால் நம்பாதீங்க.

அப்போ வீண்தானா? இல்லை. குழுவில் இருந்தவர்கள் பழம், காய்கறி அதிகம் சாப்பிட்டார்கள். குடிப்பழக்கம் இருந்தவர்கள் அளவைக் குறைத்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் உடல்திறன் மேம்பட்டது. இதெல்லாம் அவர்களே சொன்ன பதில்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்கணும். அபாய ஸ்கோர் மறு பாதியைவிடச் சராசரியாக 1.5 கூடுதலாகக் குறைந்தது. கேட்கச் சின்னதுதான். ஆனால் இந்த ஸ்கோர் பத்துப் பத்தாகத்தான் இறங்கும். 20 பேரில் 3 பேர் ஒரு படி இறங்கினாலே சராசரி 1.5 வந்துவிடும். செலவு ஆளுக்கு 22.5 டாலர். பல ஜிம்களில் ஒரு மாதக் கட்டணமே அதற்கு மேல்.

எனக்கு இந்த முடிவில் பிடித்தது அதன் வரிசை. முதலில் நகர்ந்தது தட்டும் பழக்கமும். நோய்க்கணக்கு இரண்டு வருடத்தில் தெளிவாக நகரவில்லை. நாம் செய்வது நேர் எதிர். "ஆறு மாதத்தில் 10 கிலோ" என்று தூரத்து எண்ணைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் வாரம் எடைமெஷின் அசையாததைப் பார்த்து விட்டுவிடுகிறோம். இந்த வாரம் எத்தனை நாள் நடந்தோம் என்பது ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும் எண். தொடர்ந்து போவதற்கு அதுதான் உதவும்.

ஒரு எஸ்எம்எஸ் போதுமா?

குழுவுக்கு நேரமில்லை என்பவர்களுக்கு இன்னொரு ஆய்வு இருக்கு. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் வாரத்துக்கு 2 முதல் 4 எஸ்எம்எஸ். அதுவும் எல்லோருக்கும் ஒரே செய்தி இல்லை. மாறுவதற்கு யார் எந்த அளவு தயாராக இருக்கிறார் என்று பார்த்து அனுப்பினார்கள். 2013-ல் வந்த முடிவின்படி, இரண்டு வருடத்தில் நோய் வந்தது எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18%, மற்றவர்களில் 27%.

இது நெய்யாற்றின்கரையைவிடப் பெரிய வித்தியாசம். ஆனால் நேராக ஒப்பிட முடியாது. இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே விளிம்பில் இருந்தவர்கள்; நெய்யாற்றின்கரையில் ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தவர்களும் உண்டு. இரண்டிலும் பொதுவானது ஒன்று: "என்ன செய்யணும்" என்ற தகவல் இரு தரப்புக்கும் கிடைத்தது. ஒரு தரப்பை மட்டும் யாரோ விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆக, மோட்டிவேஷன் உள்ளே ஊறட்டும் என்று காத்திருப்பதைவிட, கேட்க ஒரு ஆளை ஏற்பாடு செய்வது சுலபம். ஹாஸ்டல் ரூம்மேட், ஆபீஸில் ஷிஃப்ட் ஒத்துவரும் ஒருவர், ஊரில் இருக்கும் தங்கச்சி, யாராகவும் இருக்கலாம். உங்களைவிட ஃபிட்டானவராக இருக்க வேண்டியதில்லை. கிழமையும் நேரமும் முன்கூட்டியே முடிவாகியிருந்தால் போதும்.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்பது ஊர்க்கதை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துப் பார்த்ததில் சராசரி 66 நாள் ஆனது; சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்து ஜூன் மழையில் காலை நடை நாலு நாள் போச்சுன்னா, அஞ்சாவது நாள் மறுபடி கிளம்பிடலாம்.