மாமல்லபுரத்தின் தோட்டச் சிற்பங்கள்

மாமல்லபுரத்துத் தெருக்களில் இன்று கேட்கும் உளியோசை பல்லவர் காலம் முதல் நிற்காமல் ஒலித்துவருவதாகப் பலரும் கருதுகின்றனர். வரலாறு அப்படி இல்லை. கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் குடைவரைகளும் ஒற்றைக்கல் ரதங்களும் கடற்கரைக் கோயிலும் உருவாயின. அதன்பின் அந்த அளவில் அங்கே கல்வேலை நடைபெறவில்லை. விஜயநகரக் காலத்து ராயர் கோபுரமும் முற்றுப்பெறாமலே நிற்கிறது.

இன்றைய தொழிலின் தொடக்கம் 1957 ஆகும். அவ்வாண்டு அரசு அங்கே ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தை நிறுவியது. அதுவே பின்னர் அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அவர் மகன் கணபதி ஸ்தபதியே கன்னியாகுமரியின் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்தவர். இவர்களுடைய குடும்பம் பிள்ளையார்பட்டியைச் சேர்ந்தது. ஆக, பல்லவர் ஊருக்குச் சிற்பத் தொழில் பெரிதும் வெளியிலிருந்தே திரும்பி வந்தது எனலாம். பயின்றவர்கள் ஊரிலேயே பட்டறைகள் வைத்தனர். கோயில் திருப்பணிகளோடு, சுற்றுலாப் பயணிகளும் விடுதிகளும் கேட்ட தோட்டச் சிற்பங்களும் பிழைப்புக்கு வழியாயின. புத்தர், பிள்ளையார், யானை, சிங்கம், கல் விளக்கு, நீர்த்தொட்டி ஆகியன இவற்றில் மிகுதி.

கோயிலுக்குரிய படிமத்துக்கு விதிகள் உண்டு. தட்டினால் எழும் ஒலியைக் கொண்டு கல்லை ஆண், பெண், அலி எனப் பிரிப்பர். ஆண்கல் தெய்வத்துக்கும், பெண்கல் தேவியருக்கும், அலிக்கல் பீடம் போன்றவற்றுக்கும் உரியவை. உறுப்புகளின் அளவுகளைத் தாலமானம் வரையறுக்கிறது. வழிபாட்டில் வைக்கப்படாத தோட்டச் சிற்பத்துக்கு இவை கட்டாயமல்ல. ஆயினும் தாலக் கணக்கில் பழகிய கை, தோட்டத்து யானையைச் செதுக்கும்போதும் அந்த அளவை முற்றிலும் மறப்பதில்லை. நல்ல பட்டறையின் வேலையை இதைக் கொண்டே அடையாளம் காணலாம்.

செய்முறை எளிதானதன்று. கல்லைச் சதுரித்து, காவியால் கோடு வரைந்து, வேண்டாத பகுதிகளை முதலில் தடித்த உளியாலும் பின்னர் மெல்லிய உளிகளாலும் அகற்றுவர். கருங்கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்தே மீண்டும் பயன்படுத்த முடியும். உலையும் கொல்லரும் இல்லாமல் சிற்பி இல்லை. மெருகிட்ட கல் கருமையாக மின்னும். மெருகிடாத கல் சாம்பல் நிறத்தில், உளிப்புள்ளிகளோடு நிற்கும். தோட்டத்துக்குப் பின்னதே பொருத்தம்.

2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், அதற்கு முன்பே மின்சார அறுவை இயந்திரம் பட்டறைகளுக்குள் நுழைந்துவிட்டது. கையால் பல நாள் கழிக்க வேண்டிய கல்லை அது சில மணி நேரத்தில் அகற்றிவிடுகிறது. விலை குறைவாகக் கேட்கும் வாடிக்கையாளருக்கு வேறு வகையில் செய்து கொடுக்க முடிவதில்லை. ஆனால் இயந்திரம் எழுப்பும் நுண்தூசி உளித்தூளைவிட மிக மென்மையானது. மூச்சுடன் சென்று நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கக்கூடியது. நீர் தெளித்து அறுத்தலும் முகக்கவசம் அணிதலும் இத்தூசியைப் பெருமளவு தடுக்கும்.