படிப்பை விட புத்தகம் காஸ்ட்லி! அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு லைப்ரரி எப்படி கை கொடுக்கிறது? சீசன் வாரியாக முழு விவரம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஒரு மாணவர் அரசு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால், ஒரு யூனிட்டுக்கு பாடக் கட்டணம் 46 டாலர். மூன்று யூனிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 138 டாலர். ஆனால் அதே பாடத்துக்கான புதிய புத்தகத்தின் விலை சில நேரம் இந்தத் தொகையையே தாண்டிவிடும். அதாவது, வகுப்புக்குக் கட்டும் பணத்தை விட புத்தகத்துக்குக் கொடுக்கும் பணம் அதிகம்!

இந்த இடத்தில்தான் கல்லூரி லைப்ரரி முக்கியமாகிறது. புத்தகம் மட்டுமல்ல, லேப்டாப், வைஃபை கருவி, கால்குலேட்டர் வரை இரவல் கிடைக்கும். ஆனால் ஒரு விஷயம். இந்த வசதிகள் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஆகஸ்டில் கிடைக்கும் லேப்டாப் அக்டோபரில் கிடைக்காமல் போகலாம். டிசம்பர் தேர்வு நேரத்தில் கூடுதல் நேரம் திறந்திருக்கும் லைப்ரரி, அடுத்த வாரமே பூட்டியிருக்கலாம். எப்போது என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது, குறிப்பாக முதல் வருட மாணவர்களுக்கு, ரொம்பவே அவசியம்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பைத் தரும் கல்லூரிகள் இவை. இங்கு படித்துவிட்டு, நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரும் வழி பிரபலம். நர்சிங், ஆட்டோமொபைல், வெல்டிங் போன்ற தொழிற்படிப்புகளும் உண்டு.

இல்லினாய் மாநிலத்தில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ்தான் அமெரிக்காவின் மிகப் பழைய அரசு கம்யூனிட்டி காலேஜ். இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள் இருக்கின்றன. 20 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் படிக்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் ஹாஸ்டல் கிடையாது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஓடுபவர்கள், குழந்தை வளர்க்கும் பெற்றோர், குடும்பத்திலேயே முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள் இங்கு ஏராளம். வீட்டில் அமைதியாகப் படிக்க இடமில்லாத மாணவருக்கு லைப்ரரிதான் படிப்பறை.

'ரிசர்வ்' புத்தகம்: இரண்டு மணி நேர ரகசியம்

மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தை இது. வகுப்பில் நடத்தப்படும் பாடப்புத்தகத்தின் ஒன்றிரண்டு பிரதிகளை லைப்ரரி தனியாக எடுத்து கவுன்டருக்குப் பின்னால் வைத்திருக்கும். இதற்குப் பெயர்தான் ரிசர்வ். மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் புத்தகம் கையில் கிடைக்கும்.

ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பொதுவாக இரண்டு மணி நேரம், லைப்ரரிக்குள்ளேயே படிக்க வேண்டும். ஒரே புத்தகத்தை நாள் முழுக்க பல பேர் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம்.

ஆசிரியர்கள் தங்கள் பிரதியைக் கொடுத்தோ, லைப்ரரி வாங்கியோ ரிசர்வ் உருவாகிறது. அதனால் எல்லா பாடத்துக்கும் புத்தகம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் ஆசிரியரிடமே 'ஒரு பிரதி ரிசர்வில் வைக்க முடியுமா?' என்று கேட்கலாம். இப்படிக் கேட்பதில் தயக்கமே தேவையில்லை.

இ-புத்தகமாகக் கொடுத்தால் என்ன பிரச்னை?

'அச்சுப் புத்தகத்துக்கு ஏன் க்யூ? இ-புக் வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே' என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கல்.

காசு கொடுத்து வாங்கிய அச்சு நூலை யாருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுக்க அமெரிக்க காப்புரிமைச் சட்டத்தின் 109-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் இ-புத்தகம் பெரும்பாலும் விற்கப்படுவதில்லை. உரிமம் மட்டுமே தரப்படுகிறது. நிபந்தனை போடுவது பதிப்பகம். பெரிய பாடப்புத்தக நிறுவனங்கள் பல, தங்கள் நூல்களின் மின்பதிப்பை லைப்ரரிகளுக்குத் தருவதே இல்லை. மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கினால்தான் அவர்களுக்கு லாபம்.

இன்னொரு தலைவலி, 'அக்சஸ் கோடு'. வீட்டுப்பாடத்தை பதிப்பகத்தின் இணையதளத்தில்தான் செய்ய வேண்டும் என்றால், அந்தக் கோடை ஒருவர் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். இதை எந்த லைப்ரரியாலும் இரவல் தர முடியாது. எனவே பாடத்தைத் தேர்வு செய்வதற்கு முன்பே அக்சஸ் கோடு கட்டாயமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பைசா செலவில்லாத பாடங்கள்

இந்த விலை உயர்வுக்கு மாற்றாக வந்ததுதான் திறந்த பாடப்புத்தகங்கள். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகம் 2012-ல் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' திட்டத்தில் தன் முதல் பாடப்புத்தகங்களை வெளியிட்டது. இயற்பியல், உயிரியல், பொருளாதாரம், புள்ளியியல், உளவியல் என பல பாடங்களுக்கு முழுப் புத்தகமும் இணையத்தில் இலவசம். டவுன்லோடு செய்தும் வைத்துக்கொள்ளலாம்.

வர்ஜீனியா மாநிலத்தின் டைட்வாட்டர் கம்யூனிட்டி காலேஜ் 2013-ல் ஒரு படி மேலே போனது. பாடப்புத்தகச் செலவே இல்லாமல் முழுப் படிப்பையும் முடிக்கும் திட்டத்தை வணிக நிர்வாகப் பிரிவில் தொடங்கியது. 'இசட் டிகிரி' என்று பெயர். இசட் என்றால் ஜீரோ, அதாவது பூஜ்ஜியச் செலவு. கலிஃபோர்னியா அரசு 2021-ல் இப்படிப்பட்ட படிப்புகளை உருவாக்க 11.5 கோடி டாலர் ஒதுக்கியது.

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில், எந்தெந்த வகுப்புக்கு புத்தகச் செலவு இல்லை என்பதை பாட அட்டவணையிலேயே குறியிட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2018 முதல் இது அமலில் உள்ளது. பதிவு செய்யும்போது அந்தக் குறியைப் பார்த்து வகுப்பைத் தேர்வு செய்தால், ஒரு செமஸ்டரில் சில நூறு டாலர் வரை மிச்சமாகலாம்.

லேப்டாப் முதல் நள்ளிரவு சாட் வரை

லேப்டாப், ஹாட்ஸ்பாட்: கொரோனா காலத்தில் வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறியபோது இந்தச் சேவை பல கல்லூரிகளில் வேகமாக வளர்ந்தது. இப்போதும் பல இடங்களில் செமஸ்டர் முழுவதற்கும் லேப்டாப் தருகிறார்கள். முதலில் வருபவருக்கே முன்னுரிமை.

கிராஃபிங் கால்குலேட்டர், ஹெட்போன், உடற்கூறியல் மாணவர்களுக்கான எலும்பு மாதிரிகள்: இவையும் கவுன்டரில் கிடைக்கும் பொருட்கள்தான்.

ஆய்வுக் கட்டுரைகள்: ஜேஸ்டோர், எப்ஸ்கோ போன்ற தளங்களுக்கு கல்லூரி சந்தா கட்டியிருக்கும். மாணவர் கணக்கில் லாகின் செய்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

பிற லைப்ரரி புத்தகம்: தங்கள் கல்லூரியில் இல்லாத நூலை வேறு லைப்ரரியிலிருந்து வரவழைக்கும் வசதி பல இடங்களில் உண்டு. வந்து சேர சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால் கடைசி நேரத்தில் கேட்டால் பலன் இருக்காது.

சாட் சேவை: பல கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து 24 மணி நேர சாட் நடத்துகின்றன. நள்ளிரவில் கேள்வி கேட்டால் வேறொரு மாநிலத்தில் இருக்கும் நூலகர்கூட பதில் சொல்வார்.

இதில் பலரும் கவனிக்காதது, நூலகரின் உதவி. கட்டுரைக்கு ஆதாரம் தேடுவது எப்படி, அதை எம்.எல்.ஏ அல்லது ஏ.பி.ஏ முறையில் குறிப்பிடுவது எப்படி என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். மேற்கோள் காட்டாமல் எடுத்து எழுதுவது அங்கே பெரிய குற்றம். தெரியாமல் செய்தாலும் மார்க் போகும். நம்ம ஊர் முறையில் படித்துவிட்டுப் போகிற மாணவர்கள் முதல் மாதமே இந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

சீசன் வாரியாக என்னென்ன மாறும்?

ஆகஸ்ட் - செப்டம்பர்: ஃபால் செமஸ்டர் தொடங்கும் நேரம். லேப்டாப்புக்கும் ரிசர்வ் புத்தகத்துக்கும் பயங்கர டிமாண்ட். நிதி உதவிப் பணம் கைக்கு வர தாமதமானால், புத்தகம் வாங்கும் வரை ரிசர்வ்தான் துணை. முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம், விடுமுறை.

அக்டோபர் - நவம்பர்: இடைத்தேர்வு, கட்டுரை சமர்ப்பிக்கும் காலம். குழு அறைகளை முன்கூட்டியே புக் செய்ய வேண்டும். நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங். அதையொட்டி சில நாட்கள் லைப்ரரி மூடியிருக்கும். அதற்கு முந்தைய நாளும் சீக்கிரம் மூடும் கல்லூரிகள் உண்டு.

டிசம்பர்: தேர்வு வாரம். பல லைப்ரரிகள் கூடுதல் நேரம் திறந்திருக்கும். காபி, ஸ்நாக்ஸ் தருவது, மன அழுத்தம் குறைய பயிற்சி பெற்ற நாய்களை அழைத்து வருவது எல்லாம் நடக்கும். செமஸ்டர் முடியும்போது லேப்டாப்பைத் திருப்பித் தர வேண்டும். பிறகு புத்தாண்டு வரை விடுமுறை.

ஜனவரி: சில கல்லூரிகளில் நான்கைந்து வாரக் குறுகிய வகுப்புகள் மட்டும் நடக்கும், லைப்ரரி நேரமும் குறையும். பிறகு ஸ்பிரிங் செமஸ்டர். மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் தினம், விடுமுறை.

மார்ச் - மே: நடுவில் ஒரு வாரம் ஸ்பிரிங் பிரேக். மே மாதம் மறுபடியும் தேர்வு நேர நீட்டிப்பு.

ஜூன் - ஆகஸ்ட்: சம்மர் வகுப்புகள். மாலை, வார இறுதி நேரங்கள் பல இடங்களில் ரத்தாகும். ஜூன் 19, ஜூலை 4 அரசு விடுமுறைகள்.

ஒரு எச்சரிக்கை: எல்லா கல்லூரியும் செமஸ்டர் முறையில் இல்லை. இந்தியர்கள் அதிகம் வசிக்கும் சிலிக்கான் வேலியில் உள்ள டி அன்ஸா, ஃபூட்ஹில் கல்லூரிகளில் குவார்ட்டர் முறை. அங்கே வகுப்பு செப்டம்பர் பின்பாதியில்தான் தொடங்கும்; ஜூனில் முடியும். நண்பரின் கல்லூரி காலண்டரை நம்பி ஏமாறக் கூடாது.

தாமதமானால் அபராதமா?

தாமதக் கட்டணம் ஏழைகளைத்தான் லைப்ரரியிலிருந்து விரட்டுகிறது என்று அமெரிக்க நூலகச் சங்கம் 2019-ல் தீர்மானம் நிறைவேற்றியது. சாதாரணப் புத்தகங்களுக்கு அபராதத்தையே நீக்கிய லைப்ரரிகள் பல. ஆனால் ரிசர்வ் புத்தகத்துக்கும் லேப்டாப்புக்கும் கெடுபிடி தொடரலாம். திருப்பித் தராவிட்டால் பொருளின் முழு விலையும் மாணவர் கணக்கில் ஏறும்; அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் தடையும் விழலாம். தொலைந்துவிட்டால் மறைக்காமல் உடனே சொல்வதே நல்லது.

இந்தியாவிலிருந்து போகும் மாணவர்கள் கவனத்துக்கு

46 டாலர் கட்டணம் அந்த மாநிலத்தவருக்கு மட்டுமே. எஃப்-1 விசாவில் போகிறவர்களுக்கு கட்டணம் பல மடங்கு அதிகம். அதனால் புத்தகச் செலவை மிச்சப்படுத்துவது இவர்களுக்கு இன்னும் முக்கியம்.

இந்தியப் பதிப்பை இங்கிருந்தே வாங்கிப் போகலாமா? சட்டப்படி வெளியான நூலை வாங்கி எடுத்துச் செல்வதில் சிக்கல் இல்லை. வெளிநாட்டில் அச்சான பாடப்புத்தகங்கள் குறித்த வழக்கில், முறையாக வாங்கிய பிரதி வாங்கியவருக்கே சொந்தம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தியப் பதிப்பில் பயிற்சிக் கணக்குகளின் வரிசை மாறியிருக்கலாம். வீட்டுப்பாடம் செய்வதற்கு முன் ரிசர்வ் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சம்மரில் வகுப்பு எடுக்காமல் ஊருக்கு வருபவர்கள், அந்த இடைவெளியில் ஆன்லைன் கட்டுரைத் தளங்கள் வேலை செய்யுமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவு செய்துள்ள மாணவர்களுக்கு மட்டும் என்பதுதான் பல சந்தாக்களின் நிபந்தனை.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. எஃப்-1 மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். லைப்ரரி கவுன்டர் வேலை அதில் ஒன்று.

நம்ம ஊரில் இருந்தபடியே எதைப் பயன்படுத்தலாம்?

ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்களைப் படிக்க அமெரிக்கா போகத் தேவையில்லை. மதுரையிலோ மன்னார்குடியிலோ இருந்து செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். ஐ.ஐ.டி கரக்பூர் உருவாக்கிய இந்திய தேசிய டிஜிட்டல் நூலகமும் எல்லோருக்கும் இலவசம். கல்லூரி மாணவர்கள், தங்கள் கல்லூரி 'என்-லிஸ்ட்' திட்டத்தில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டுப் பார்க்கலாம். இருந்தால், ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் தனி லாகினில் கிடைக்கும்.

எந்த நாட்டுக் கல்லூரியானாலும் லைப்ரரிக்கான செலவு மாணவர் கட்டும் பணத்திலும் மக்களின் வரியிலும்தான் நடக்கிறது. செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, லைப்ரரி நேரம், விடுமுறைப் பட்டியல், ரிசர்வ் பட்டியல் மூன்றையும் போனில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். புத்தகம் வாங்கக் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பாடத்தைக் கைவிடும் நிலை வராமல் தடுக்க அது பெரிய அளவில் உதவும்.