அமெரிக்க நடுமேற்கு உழவரும் சோயா மொச்சையும்

முன்னுரை

உழவுத் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் மழையையும் மண்ணையும் முதற்கண் கூறுதல் வழக்கம். விளைவு குன்றியவிடத்து வறுமையும், விளைவு பெருகியவிடத்து வளமும் உண்டாம் என்பது யாவரும் பொதுவாகக் கொள்ளும் கருத்து. ஆயின் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியில் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் பயிரிடும் உழவரின் வரலாறு இக்கருத்துக்கு முற்றும் அடங்குவதன்று. இல்லினாய், ஐயோவா, இந்தியானா முதலிய மாநிலங்களின் கரிய மண் உலகின் வளமிக்க நிலங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. அம்மண் நன்கு விளைந்த காலத்திலேயே அதனை உழுதோர் நிலமிழந்து வெளியேறியதும் உண்டு. அதன் காரணம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வுழவர்க்கு வாய்த்த நல்வாய்ப்பும் நேர்ந்த இடரும் இருவேறு காரணங்களால் தோன்றியன அல்ல. தொலைநாட்டுச் சந்தையின் வாயில் திறந்தபோது வாய்ப்பாக நின்றதுவே, அது அடைபட்டபோது இடராக மாறிற்று. இதுவே யாம் ஈண்டு நிறுவக் கருதும் முடிபு.

பெயரும் வரவும்

'சோயா' என்பது முதற்கண் பயிரின் பெயர் அன்று. இம்மொச்சையைப் புளிக்கவைத்து ஆக்கும் சுவைநீரை ஜப்பானியர் 'சோயு' என்பர். டச்சு வணிகர் வழியாக அச்சொல் திரிந்து ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, பின்னரே செடிக்கும் விதைக்கும் பெயராயிற்று. டச்சு வணிகக் குழுவின் மருத்துவராக நாகசாகியில் இருந்த கெம்பர் என்பார் 1712 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இச்செடியையும் சுவைநீர் ஆக்கும் முறையையும் விளக்கினார். தாயகமாகிய சீனத்திலோ இதற்குப் 'பெரிய அவரை' எனப் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. உழுதவர் விதையின் உருவை நோக்கிப் பெயரிட, மேலைநாட்டார் சரக்கின் பெயரையே பயிர்க்கும் இட்டனர். பயிரைச் சரக்காகவே காணும் இந்நோக்கு பிற்கால வரலாற்றிலும் தொடர்வதைக் காண்போம்.

1765 ஆம் ஆண்டு சாமுவேல் போவன் என்பார் இவ்விதையை ஜார்ஜியாவிலுள்ள சவன்னாவுக்குக் கொணர்ந்தார். ஆயினும் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் இது பெரும்பயிராக வளரவில்லை; கால்நடைத் தீவனமாகவும் பசுந்தாள் உரமாகவுமே சிற்சில இடங்களில் வழங்கிற்று. 1929 முதல் 1931 வரை டார்செட், மோர்ஸ் என்னும் வேளாண்துறை அறிஞர் இருவர் ஜப்பான், கொரியா, மஞ்சூரியா ஆகிய பகுதிகளிற் சுற்றி ஏறத்தாழ 4,500 விதை வகைகளைத் திரட்டினர். வகைகள் இவ்வாறு பெருகினமையின் அந்நாட்டுப் பல்வேறு தட்பவெப்பங்கட்கு ஏற்ற விதையைத் தெரிந்தெடுத்தல் எளிதாயிற்று.

ஆலையும் விலையும்

விதை கிடைத்தமையால் மட்டும் உழவர் அதனை விதைத்துவிடுவாரல்லர். விற்கும் இடம் வேண்டும். 1922 ஆம் ஆண்டு ஸ்டேலி என்பாரின் நிறுவனம் இல்லினாய் மாநிலத்து டெக்கேட்டர் நகரில் சோயா ஆட்டும் ஆலையைத் தொடங்கிற்று. ஆலைக்கு விதை போதவில்லை. உழவர்க்கோ ஆலையில் நம்பிக்கை போதவில்லை. இம்முட்டுப்பாட்டை நீக்குதற்கு 1928 ஆம் ஆண்டு பியோரியா நகரத்தாலையினர் விதைப்புக்கு முன்னரே விலையை உறுதிசெய்து உடன்படிக்கை செய்தனர். அதன்பின் பரப்பு விரிந்தது. 1930 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் வெளிநாட்டுச் சோயாவின்மீது வரி விதித்து உள்நாட்டு விளைவுக்கு அரணாயிற்று. பிற்காலத்தில் அயல்நாட்டார் விதித்த வரியே இவ்வுழவரை வருத்தியமையை நோக்க, அன்னார் பயிர் வரியின் நிழலிலேயே வேரூன்றியமை நினைவிற் கொள்ளற்பாலது.

1933 ஆம் ஆண்டு வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் மக்காச்சோளப் பரப்பைக் குறைத்தோர்க்கு உதவித்தொகை அளித்தது. சோயாவுக்கு அத்தகைய வரம்பு இன்மையாற் பலர் அதனை நாடினர். அன்றியும், இச்செடியின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு அளிப்பது; சோயாவுக்குப்பின் விதைக்கும் மக்காச்சோளத்திற்கு உரச்செலவும் குறையும். ஆகவே ஓராண்டு மக்காச்சோளம், மறு ஆண்டு சோயா என்னும் பயிர்ச்சுழற்சி நிலைபெறலாயிற்று. 1936 ஆம் ஆண்டு சிக்காகோ வணிகக் கழகம் சோயாவுக்கு முன்பேர வணிகத்தைத் தொடங்கியது. அறுவடைக்குப் பல திங்கள் முன்னரே விலை பேசும் இம்முறை உழவர்க்கு ஒருவகைக் காப்பாயிற்று. ஆயின் விலையின் ஏற்றத்தாழ்வு வயலை விட்டு நகரத்துக்குச் சென்றது.

போர் தந்த வாய்ப்பு

1941 ஆம் ஆண்டு இறுதியிற் பசிபிக் பகுதியிற் போர் மூண்டது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த தேங்காய் எண்ணெய் முதலியவற்றின் வரவு அற்றது. எண்ணெய்த் தட்டுப்பாட்டைத் தீர்க்கச் சோயா பயிரிடுமாறு அரசு உழவரை வேண்டிற்று. 1940 இல் ஏறத்தாழ 78 மில்லியன் புஷலாக இருந்த விளைவு 1942 இல் 187 மில்லியன் புஷலாக உயர்ந்தது. ஒரு புஷல் சோயா ஏறத்தாழ 27 கிலோ எடையுள்ளது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயாகும். எஞ்சியதிற் பெரும்பகுதி புண்ணாக்கு. போருக்குப்பின் கோழியும் பன்றியும் வளர்க்கும் தொழில் பெருகவே அப்புண்ணாக்கே முதற்சரக்காயிற்று.

ஆசியக் கடல்வழி அடைபட்டமையே அமெரிக்க உழவர்க்கு வாயில் திறந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. ஒருவர் இழந்த சந்தை மற்றொருவர்க்கு வாய்ப்பாதல் இவ்வரலாற்றின் தொடர்ந்த இயல்பு. பின்னர் இவ்வுழவரே இழப்போராயினர்.

அடைபட்ட வாயில்

1972 ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் அமெரிக்கத் தானியத்தைப் பேரளவில் வாங்கிற்று. அவ்வாண்டே பெரு நாட்டுக் கடலில் நெத்திலி மீன்பாடு சிதைந்தது. மீன்தூள் கிடையாமையாற் கால்நடைத் தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கை யாவரும் நாடினர். 1973 சூன் திங்களிற் சோயா விலை புஷல் ஒன்றுக்கு 12 டாலரைக் கடந்தது. உள்நாட்டில் இறைச்சி விலை ஏறுவதைக் கண்டு அஞ்சிய நிக்சன் அரசு, சூன் 27 ஆம் நாள் சோயா ஏற்றுமதியைத் தடுத்தது. அத்தடை சில நாட்களில் உரிமமுறையாகத் தளர்ந்து, அவ்வாண்டிலேயே நீங்கிற்று. ஆயினும் அதன் விளைவு நீங்கவில்லை.

உணவுக்குரிய சோயாவிற் பெரும்பகுதியை அமெரிக்காவிலிருந்து பெற்றுவந்த ஜப்பான், ஒரே நாட்டை நம்பியிருத்தல் தகாது எனத் துணிந்தது. 1974 இல் அந்நாட்டுத் தலைமையமைச்சர் தனகா பிரேசில் சென்றார். செராடோ என்னும் புல்வெளியைத் திருத்தும் கூட்டுத்திட்டம் அதன்வழி உருவாகி, 1979 இற் செயற்படலாயிற்று. செராடோ மண் அமிலத்தன்மை மிக்கது. அலுமினிய நஞ்சும் உடையது. 1973 இல் நிறுவப்பெற்ற எம்பிராப்பா என்னும் பிரேசில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் சுண்ணாம்பும் மணிச்சத்தும் இட்டு அதனைப் பண்படுத்தினர். வெப்பநாட்டுப் பகற்பொழுதுக்கு ஏற்ற சோயா வகைகளையும் கண்டனர். பயிரற்றது எனக் கைவிடப்பட்ட நிலம் இவ்வாறு அமெரிக்க உழவரின் முதற்போட்டியாளர்க்குக் களமாயிற்று. அப்புல்வெளியின் இயற்கைத் தாவரப் பரப்பிற் பெரும்பங்கு அழிந்தமை அதற்கு ஈந்த விலை.

அமெரிக்க அரசு மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்தது. ஆப்கானிஸ்தானத்துட் சோவியத் படை புகுந்தமைக்கு மறுமொழியாக, 1980 சனவரி 4 ஆம் நாள் குடியரசுத் தலைவர் கார்ட்டர் 17 மில்லியன் டன் தானிய விற்பனையை நிறுத்தினார். சோவியத் ஒன்றியம் அர்செந்தீனா முதலிய நாடுகளை நாடிற்று. 1981 ஏப்பிரலில் ரீகன் இத்தடையை நீக்கினார்.

கடனும் நிலமும்

இத்தடைகள் மட்டுமே உழவரை வீழ்த்தின எனல் பொருந்தாது. விலை உயர்ந்த எழுபதுகளில் வேலியோரம் வரை விதைக்குமாறு வேளாண்துறைச் செயலர் எர்ல் பட்ஸ் ஊக்கினார். நிலத்தின் விலையும் ஏறியது. அந்நிலத்தையே அடைமானம் வைத்து மேலும் நிலமும் பொறியும் வாங்கினர். பணவீக்கத்தை அடக்க நடுவண் வங்கி மேற்கொண்ட நடவடிக்கையால் 1980 டிசம்பரில் வங்கிகளின் முதனிலைக் கடன்வட்டி 21.5 விழுக்காடாயிற்று. ஐயோவாவில் 1981 இல் ஏக்கர் ஒன்றுக்குச் சராசரி 2,147 டாலராக இருந்த நிலவிலை, 1986 இல் 787 டாலராகச் சரிந்தது. கடன் நின்றது, ஈடு கரைந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்களின் நிலமும் பொறிகளும் ஏலத்திற் சென்றன. சிற்றூர் வங்கிகளும் கடைகளும் உடன் வீழ்ந்தன. 1986 இல் உழவர்க்கெனத் தனிக் கடன்தீர்வுச் சட்டப்பிரிவும், 1987 இல் வேளாண் கடன் சட்டமும் வந்தன. பலர்க்கு அவை காலங்கடந்து வந்த உதவியாயின.

எழுபதுகளின் உயர்விலையை நிலையானது எனக் கருதி வாங்கிய கடனே எண்பதுகளின் அழிவாயிற்று. வாய்ப்பே இடராக மாறிய முறைமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஒரே கொள்வோர்

2001 இல் உலக வணிக அமைப்பிற் சேர்ந்த சீனம், சோயாவை உலகிலேயே மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடாயிற்று. அப்பயிரின் தாயகமே அதனை அயலகத்தினின்று வாங்கும் நிலை எய்தியமை வியத்தற்குரியது. அமெரிக்கச் சோயா ஏற்றுமதியிற் பாதிக்கு மேல் அங்குச் சென்றது. நடுமேற்கு மீண்டும் செழித்தது. ஆயின் ஒரே கொள்வோரை நம்பிச் செழித்தது. அமெரிக்கா விதித்த வரிகட்கு எதிராக 2018 சூலை 6 ஆம் நாள் சீனம் அமெரிக்கச் சோயாவின்மீது 25 விழுக்காடு வரி விதித்தது. 2017 இல் 12 பில்லியன் டாலர் அளவினதாயிருந்த விற்பனை 2018 இல் ஏறத்தாழ 3 பில்லியனாயிற்று. அரசு அவ்வாண்டு 12 பில்லியன் டாலர் வரையும் மறு ஆண்டு 16 பில்லியன் டாலர் வரையும் உழவர்க்கு உதவி அறிவித்தது. 2025 இல் வரிப்போர் மீண்டும் மூண்டபோது, அறுவடை தொடங்கிய பின்னரும் சீனம் புதுவிளைச்சலை வாங்கவில்லை. அக்டோபர் இறுதியில் இருநாட்டுத் தலைவரும் சந்தித்த பின்னரே வாங்குதற்கு உடன்பாடு உண்டாயிற்று. இடைப்பட்ட காலத்திற் பிரேசிலின் விற்பனை பெருகிற்று.

எஞ்சிய வழிகள்

இனி, இவ்வுழவர்க்கு எஞ்சிய வழிகளை நோக்குவாம். 2005, 2007 ஆம் ஆண்டுகளின் எரிபொருட் சட்டங்கள் மக்காச்சோளத்தினின்று எத்தனால் எடுக்கும் தொழிலைப் பெருக்கின. அண்மையாண்டுகளிற் சோயா எண்ணெயினின்று டீசல் ஆக்கும் ஆலைகளும் மிகுந்துள்ளன. இவை உள்நாட்டுச் சந்தையாதலின் அயலரசின் வரிக்கு அஞ்சவேண்டா. தம் அரசின் கொள்கை மாற்றத்துக்கு அஞ்சல் வேண்டும். 1922 ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் கூட்டுறவுக்கு உரிமை தந்தது. கூட்டுறவுக் களஞ்சியத்திலோ தம் நிலத்துக் களஞ்சியத்திலோ தானியத்தை இருத்தி, விலை வரும்வரை காத்திருத்தல் இயலும். கடன் அற்றோர்க்கே அது கைகூடும்.

விதையின் உரிமையும் ஒரு சிக்கலே. 1996 இற் களைக்கொல்லியைத் தாங்கும் சோயா வந்தபின் களையெடுக்கும் உழைப்புக் குறைந்தது. நாளடைவில் அக்கொல்லிக்கு மடியாத களைகளும் தோன்றின. காப்புரிமை பெற்ற விதையின் வழித்தோன்றலை உழவர் இசைவின்றி மீண்டும் விளைவித்தல் உரிமை மீறலே என 2013 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலையைப் போன்றே விதையும் உழவரின் கைவிட்டுச் சென்றது.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கும் அயலானதன்று. 1960களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்களோடு கூடிச் சோயாவை இந்தியாவிற் பரப்ப உழைத்தனர். இன்று மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலத்தில் அது பெரும்பயிர். அங்கும் ஆலையின் கொள்முதலும் எண்ணெய் இறக்குமதி வரியுமே உழவரின் வருவாயைப் பெரிதும் வரையறுக்கின்றன.

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஏற்றுமதித் தடை சில திங்களில் நீங்கினும், அது தோற்றுவித்த போட்டி நீங்காது. இரண்டாவது, உயர்விலைக் காலத்து வாங்கிய கடனைத் தாழ்விலைக் காலமே தீர்க்க நேரிடும். மூன்றாவது, கொள்வோர் பலராயும் பயன்பாடு பலவாயும் இருந்தாலன்றி, விளைவின் பெருக்கம் உழவர்க்கு வலிமையாகாது. டெக்கேட்டர் ஆலைக்கு முதன்முதல் விதை கொண்டுசென்ற உழவர், இதனை வாங்குவோர் யார் எனக் கேட்டனர். நூறாண்டு கழிந்தும் அவர்தம் வழியினர் கேட்பது அவ்வினாவே. விளைச்சலைப் பன்மடங்காக்கிய ஆராய்ச்சி அதற்கு விடை காணவில்லை. விடை காணும் பொறுப்பு அரசியலாரையும் சாரும் என்பது எம் துணிபு.