புழு இறந்துதான் வண்ணத்துப்பூச்சி பிறக்கிறதா?

அண்மையில் ஒரு நினைவுகூரல் நிகழ்வில் பேசியவர், "புழு செத்தால்தான் வண்ணத்துப்பூச்சி பிறக்கும், எங்கள் இழப்புகளும் அப்படித்தான்" என்றார். எனக்குப் பக்கத்தில் மகனை இழந்த ஓர் அம்மா இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பல வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால், அந்த உவமை சரிதானா என்பதை இங்கே எழுதுகிறேன்.

உண்மையில் புழு இறப்பதில்லை. அதன் உடலிலுள்ள சில கலங்களே இறக்கின்றன. முற்றத்துத் தேசி மரத்தில் இலை தின்னும் புழுவுக்கு வயிற்றுப்புறத்தில் போலிக்கால்கள் உண்டு. பறக்கப்போகும் பூச்சிக்கு அவை தேவையில்லை. எக்டைசோன் என்னும் ஓமோனின் அளவு மாறும்போது, எந்தக் கலம் எப்போது இறக்கவேண்டும் என்பது தீர்மானமாகிறது.

1960களில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கரோல் வில்லியம்ஸும் அவரது மாணவர் ரிச்சர்ட் லொக்ஷினும் பட்டுப்பூச்சிகளை ஆராய்ந்தார்கள். பூச்சி கூட்டை விட்டு வெளியேற உதவும் வயிற்றுத் தசைகள், அந்த வேலை முடிந்ததும் இரண்டு நாட்களுக்குள் கரைந்துபோவதை விவரித்தார்கள். 1964இல் வெளியான அவர்களது கட்டுரை இதைத் 'திட்டமிட்ட கல இறப்பு' என்று அழைத்தது.

பழ ஈயில் இதன் பொறிமுறை தெளிவாகத் தெரியும். குடம்பியின் உமிழ்நீர்ச் சுரப்பி அழியவேண்டிய நேரத்தில் 'ரீப்பர்', 'ஹிட்' என்னும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அதுவரை கட்டுப்படுத்தப்பட்டிருந்த கஸ்பேஸ் நொதியங்கள் விடுபட்டுக் கலத்தின் புரதங்களை வெட்டுகின்றன. கலம் தன் உட்பகுதிகளைத் தானே செரித்தும் கொள்கிறது.

காயத்தால் வரும் இறப்பு வேறு. அடிபட்ட, எரிந்த, இரத்தம் கிடைக்காத கலம் வீங்கி வெடிக்கிறது. உள்ளிருப்பவை வெளியே கொட்டி, அருகிலுள்ள நலமான இழையத்திலும் அழற்சியை உண்டாக்குகின்றன. அதற்கு முன்கூட்டிய திட்டமும் இல்லை, குறித்த நேரமும் இல்லை. விஞ்ஞானம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உருமாற்றத்தில் எல்லாம் அழிவதில்லை. சிறகாகப்போகும் கலக்கூட்டங்கள் புழுவுக்குள்ளேயே காத்திருக்கின்றன. நரம்புக் கலங்கள் பலவும் தப்புகின்றன. 2008இல் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகையிலைப் புழுக்களுக்கு ஒரு மணத்தைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். வளர்ச்சியின் இறுதிக் கட்டத்தில் அப்படிப் பழக்கப்பட்ட புழுக்களிற் பெரும்பாலானவை, அந்துப்பூச்சிகளாக மாறிய பின்னரும் அந்த மணத்தைத் தவிர்த்தன. சிறகு முளைத்தும் பட்ட வலி மறக்கவில்லை.

ஆகவே அந்த உவமை பிழை. எங்கள் பிள்ளைகள் வேலை முடிந்து உதிர்ந்த தசைகள் அல்லர். அவர்களது இறப்பு எந்த வளர்ச்சிக்கும் தேவைப்பட்டதல்ல. அன்று அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.